வாங்குவோர் செலுத்தும் கட்டணத்தைச் சுமப்போர் யார்?

(வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் 'ஏலம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று மலைச்சாரலில் விளையும் மணப்பொருள். மற்றொன்று பலர் முன்னிலையில் விலை கூறி விற்கும் முறை. முன்னது நம் நாட்டுப் பழஞ்சொல். பின்னது போர்த்துக்கீசியச் சொல்லொன்றின் திரிபு. எங்கிருந்தோ வந்த இவ்விரு சொற்களும் தமிழில் ஒலியால் ஒன்றாயின. இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், மலையின் மறுபுறம் நம் போடிநாயக்கனூரிலும், பொருளாலும் அவை ஒன்றுகூடிவிட்டன. அங்கே ஏலம் ஏலம் விடப்படுகிறது.

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய மாவட்டங்கள் தமிழகத்தோடு எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிகளை இன்று நம் ஆய்வுக்களமாகக் கொள்வோம். கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான். ஏலத்தில் சரக்கை எடுக்கும் வணிகரிடம் விலைக்கு மேல் ஒரு கட்டணம் வசூலிக்கப்படுகிறதே, அதனை உண்மையில் செலுத்துபவர் யார்? 'வாங்குபவரிடம்தானே வாங்குகிறோம், விளைவிப்பவருக்கு இதனால் என்ன நட்டம்?' என்று கோப்புகளில் எழுதப்படும் குறிப்புகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். எழுதியவர்கள் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் அக்கூற்று பெரும்பாலும் தவறு. எப்போது தவறு, எப்போது சரி என்பதை ஒரு சிறு கணக்கைக்கொண்டு தொடங்குவோம்.

100 கிலோ ஏலக்காய் கொண்ட ஒரு லாட் ஏலத்துக்கு வருகிறது என்று கொள்வோம். வட இந்திய நகரில் அது என்ன விலை போகும், வண்டி வாடகை எவ்வளவு, தமக்கு எவ்வளவு ஆதாயம் வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டு, கிலோவுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் தம் கையிலிருந்து போகக்கூடாது என்று வணிகர் தீர்மானித்திருக்கிறார். கட்டணம் ஏதும் இல்லையெனில் போட்டி அவரை 1,000 ரூபாய் வரை இழுத்துச் செல்லும்; விளைவித்தவருக்கு 1,00,000 ரூபாய் கிடைக்கும். இப்போது வாங்குபவர் 2 சதவீதம் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விதிக்கிறோம். வணிகர் தம் 1,00,000 ரூபாய் வரம்பை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. கட்டணத்தையும் சேர்த்து அவ்வரம்புக்குள் அடங்குமாறு 98,039 ரூபாய்க்குக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார். அதே 2 சதவீதத்தை விளைவிப்பவரிடம் வெளிப்படையாகப் பிடித்திருந்தால் அவர் கைக்கு வந்திருப்பது 98,000 ரூபாய். இரண்டுக்கும் இடையே 39 ரூபாய்தான் வேறுபாடு. அந்த 39 ரூபாய்க்காகத்தான் 'விவசாயியிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை' என்னும் அறிவிப்புப் பலகையை நாம் மாட்டி வைக்கிறோம்.

ஏலக் கோட்பாட்டுக்காக 2020ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பால் மில்குரோம், ராபர்ட் வில்சன் ஆகியோரின் நூல்களைப் புரட்டினால்தான் இது விளங்கும் என்பதில்லை. போடியில் பத்தாண்டு கடை வைத்திருக்கும் எவரும் இதனை மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். நாம்தான் வாங்குபவரின் சட்டைப்பையைப் பார்க்கிறோமேயன்றி அவருடைய கணக்கைப் பார்ப்பதில்லை.

இதற்கு விலக்குகள் உண்டு. அவற்றையும் நோக்க வேண்டும். ஏனெனில் விதி எதனால் செயற்படுகிறது என்பதை விலக்குகளே காட்டும்.

பஞ்சாபில் 2020ஆம் ஆண்டு வாக்கில் கோதுமை, நெல் கொள்முதலின்மீது சந்தைக் கட்டணம் 3 சதவீதம், ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 சதவீதம், ஆடத்தியா எனப்படும் தரகருக்கு 2.5 சதவீதம், ஆக 8.5 சதவீதம் வாங்குபவர்மீது விதிக்கப்பட்டது. அங்கே பெரும்பகுதியை வாங்குவது அரசு. விலையோ குறைந்தபட்ச ஆதரவு விலையாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. கட்டணம் கூடியதற்காக அரசு நிறுவனம் தன் விலையைக் குறைத்துக் கேட்க இயலாது. ஆகவே அச்சுமை மத்திய அரசின் உணவு மானியக் கணக்கில் போய் விழுந்தது. விலை நிலையாக உள்ள இடத்தில் கட்டணத்தை வாங்குபவரே சுமப்பார் என்பது இதனால் பெறப்படும்.

இரண்டாவது விலக்கு இடுக்கி எல்லையிலேயே இருக்கிறது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மலையேறினால் வருவது மறையூர். கேரள வனத்துறை அங்கே சந்தன மரத்தை ஏலத்தில் விற்கிறது. கர்நாடக அரசின் சோப்பு நிறுவனம் முதலிய பெரிய நிறுவனங்கள் வாங்குகின்றன. கேட்ட விலைக்கு மேல் வரிகளையும் வாங்குபவர் செலுத்தியாக வேண்டும். வரிச்சுமை கூடியதென்று கேள்வி குறைந்தால் விற்பவராகிய வனத்துறை என்ன செய்யும்? எதிர்பார்த்த விலை வராத லாட்டை அடுத்த ஏலத்துக்கு வைத்துக்கொள்ளும். கிடங்கில் உள்ள சந்தனம் ஓராண்டில் கெட்டுப்போவதில்லை. வனத்துறைக்கு நாளைக்கே பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய பிள்ளையும் இல்லை. காத்திருக்க முடிந்தவரின்மீது கட்டணம் அவ்வளவு எளிதில் இறங்காது.

இப்போது அதே மறையூரிலிருந்து சிறிது தொலைவிலுள்ள காந்தளூருக்கும், மூணாறுக்கு அப்பால் உள்ள வட்டவடைக்கும் செல்வோம். அங்கே மலைப்பூண்டு விளைகிறது. புவிசார் குறியீடும் பெற்றது. அப்பூண்டு தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தை போன்ற தமிழகச் சந்தைகளை நோக்கி இறங்குகிறது. மூட்டையோடு வண்டியேறி வந்தவர், விலை சரியில்லையென்று அதனைத் திரும்பவும் மலைக்கு ஏற்றிச் செல்ல இயலுமா? ஏற்றுக்கூலியை நினைத்தாலே அவர் இறங்கி வந்துவிடுவார். இவர்மீதுதான் எல்லாக் கட்டணங்களும், அவை யார் பெயரில் எழுதப்பட்டாலும், வந்து அமர்கின்றன. கட்டணச் சீட்டில் எவர் பெயர் இருக்கிறது என்பதைவிட, எவரால் காத்திருக்க முடியாது என்பதே சுமையைத் தீர்மானிக்கிறது.

இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு வரலாற்றுக்கு வருவோம்.

நம் பழைய சந்தைகளில் பிடித்தங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தரகு, எடைக்கூலி, சாக்குக் கழிவு, ஈரக் கழிவு, கோயிலுக்கு, கோசாலைக்கு என்று அவை நீண்டன. எல்லாமே கொடுமை என்று சொல்லிவிட முடியாது. விருதுநகர் வணிகர் தம் வணிகத்தின்மீது தாமே விதித்துக்கொண்ட மகமையைப் பாருங்கள். 1889இல் அங்கே சத்திரிய வித்தியாசாலை எழுந்ததும் வளர்ந்ததும் அம்மகமைப் பணத்தால்தான். மகமைக்குக் கணக்கு இருந்தது, ஊரார் கேட்டனர், பயன் கண்முன் நின்றது. இன்று நீதிமன்றங்கள் கட்டணத்துக்கு வகுத்திருக்கும் இலக்கணத்தை அவ்வணிகர்கள் வழக்கறிஞர் துணையின்றியே அறிந்திருந்தனர் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாப் பிடித்தமும் மகமை ஆகிவிடவில்லை.

லின்லித்கோ பிரபு தலைமையிலான வேளாண்மை அரச ஆணையம் 1928இல் தந்த அறிக்கை, ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டுமென வற்புறுத்தியது. சென்னை மாகாணம் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ்த் திருப்பூரில் 1936இல் பருத்திக்காக ஒரு சந்தை ஏற்பட்டது. அன்று பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே இச்சட்டத்தின் ஆட்சி எல்லை பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியும் விரிந்திருந்தது. இச்சட்டத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட அருணாசல நாடார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் தீர்ப்பளித்து, சட்டம் செல்லும் என்றது.

1956இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. 1957இல் பாலக்காடு தனி மாவட்டமாயிற்று. இடுக்கி 1972இல் உருவாயிற்று. கணவாயின் இருபுறமும் இரு வேறு சட்ட நிலைகள் வளர்ந்தன. தமிழகம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பின்னர் 1987ஆம் ஆண்டு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வாங்கும் வணிகர் சரக்கின் மதிப்பில் 1 சதவீதம் சந்தைக் கட்டணம் செலுத்துகிறார். விளைவிப்பவரிடம் தரகு கிடையாது. கேரளமோ மாநிலம் முழுமைக்குமான வேளாண் விளைபொருள் சந்தைக் குழுச் சட்டம் எதனையும் இயற்றவில்லை.

இதன் விளைவை ஆனைமலையில் காணலாம். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை மறைமுக ஏலத்தில் விற்கிறது. கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டம். அங்கும் தென்னை, அங்கும் தமிழ் பேசும் உழவர் பலர். ஒரே மழை, ஒரே மண், ஒரே காங்கேயத்து எண்ணெய் ஆலைக்குப் போகும் கொப்பரை. இந்தப் பக்கம் வாங்குபவருக்கு 1 சதவீதக் கட்டணம். அந்தப் பக்கம் கட்டணம் இல்லை. நாம் முதலில் போட்ட கணக்கின்படி அந்தப் பக்கத்து உழவருக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்க வேண்டும்.

கிடைக்கிறதா? இங்கேதான் நம் கணக்கின் எல்லையும் தெரியவருகிறது. அந்த 1 சதவீதத்துக்கு ஈடாக விற்பனைக்கூடத்தில் உலர்களம் இருக்கிறது, சரியான தராசு இருக்கிறது, கிடங்கு இருக்கிறது. விலை சரியில்லாவிட்டால் சரக்கை வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வழியும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பல வணிகர் ஒரே வேளையில் விலை எழுதிப் போடுகின்றனர். தோட்டத்துக்கு வரும் ஒரே ஒரு வணிகர் கட்டணம் ஏதும் செலுத்தாமல் வாங்கும்போது, அவர் மிச்சப்படுத்திய 1 ரூபாய் உழவருக்குப் போய்ச் சேரும் என்பதற்குப் பிணை எங்கே? போட்டி இருந்தால்தான் கட்டணக் குறைவு விலை உயர்வாக மாறும். 2020இல் இயற்றிய மத்தியச் சட்டங்களுள் ஒன்று, சந்தை வளாகத்துக்கு வெளியே நடக்கும் வணிகத்துக்குக் கட்டணமே கூடாதென்றது. அச்சட்டங்கள் 2021இல் திரும்பப் பெறப்பட்டன. அப்போது நடந்த விவாதத்தில் இரு தரப்பினரும் கட்டணத்தின் அளவையே பேசினர். கட்டணம் எதனை வாங்கித் தருகிறது என்பதைப் பேசியவர் சிலரே.

இனி ஏலக்காய்க்கு வருவோம். இன்றைய பேச்சின் நடுப்பொருள் இதுவே.

திருவிதாங்கூரில் ஏலக்காய் நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பொருள். மலையில் விளைவிப்போர் முழு விளைச்சலையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும்; அரசு அதனை ஆலப்புழைக்குக் கொண்டுசென்று வணிகரிடையே ஏலத்தில் விற்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனியுரிமை நீங்கியது. அதன்பின் விளைச்சல் மலையிறங்கிக் கிழக்கே போடிநாயக்கனூர், பட்டிவீரன்பட்டி, விருதுநகர் ஆகிய ஊர்களின் வணிகர் கைக்குச் சென்றது. அவ்வணிகர் முன்பணம் கொடுத்தனர். பூக்கும் முன்பே காய் விலை பேசப்பட்டது. முன்பணம் கொடுத்தவர் எடுத்ததே எடை, சொன்னதே தரம் என்னும் நிலை பல தோட்டங்களில் இருந்தது.

1965இல் ஏலக்காய்ச் சட்டம் வந்தது. 1966இல் ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1977இலும் பின்னர் 1987இலும் உரிமம் மற்றும் விற்பனை விதிகள் வகுக்கப்பட்டன. 1987இல் வாரியமே நறுமணப் பொருள்கள் வாரியமாக உருமாறியது. ஏலம் நடத்தும் நிறுவனம், வணிகர் ஆகியோர் ஒவ்வொருவருக்கும் உரிமம் கட்டாயம். 2007ஆம் ஆண்டு முதல் மின்னணு ஏலம் நடைமுறைக்கு வந்தது. முன்பு வண்டன்மேட்டு ஏலக்கூடத்தில் குரல் கொடுத்துக் கேட்ட வணிகர், இன்று புற்றடி நறுமணப் பொருள் பூங்காவிலும் போடியிலும் கணிப்பொறிமுன் அமர்ந்து பொத்தானை அழுத்துகிறார்.

இந்த ஏற்பாட்டில் நாம் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. போடிமெட்டின் இருபுறமும் ஒரே விதி. கொப்பரையும் பூண்டும் எல்லையைத் தாண்டும்போது சட்டம் மாறுகிறது. ஏலக்காய் தாண்டும்போது மாறுவதில்லை. ஆகவே, எந்தப் பக்கம் கட்டணம் குறைவு என்று பார்த்துச் சரக்கு ஓடும் நிலையும், அதனால் ஒரு சந்தை மெலிந்து மற்றொன்று கொழுக்கும் நிலையும் இங்கு எழவில்லை. நெல்லியாம்பதியில் ஏலக்காய் விளைவிக்கும் பாலக்காட்டு மாவட்டத்துத் தோட்டக்காரருக்கும் இதே விதிதான். எல்லைப் பகுதிகளில் கட்டண ஒழுங்கைப் பற்றி எண்ணும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

அப்படியாயின் குறை ஏதும் இல்லையா? இருக்கிறது. விகிதத்தைக் கட்டுப்படுத்திவிட்டால் கட்டணம் வேறு உருவில் வந்து நிற்கும் என்பதே அக்குறை. மூன்றினை மட்டும் சொல்கிறேன்.

ஏலத்துக்கு முன் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் மாதிரி எடுத்து வணிகர்களுக்கு வழங்கப்படுகிறது. காயின் நிறத்தையும் பருமனையும் லிட்டர் எடையையும் அவர்கள் பார்க்க வேண்டுமல்லவா? மாதிரி தேவைதான். ஆனால் அந்த மாதிரி யாருடைய காய்? சிறிய லாட்டாயினும் பெரிய லாட்டாயினும் மாதிரியின் அளவு ஏறத்தாழ ஒன்றே எனில், 20 கிலோ கொண்டுவரும் சிறு விவசாயி தம் சரக்கில் இழக்கும் பங்கு, 500 கிலோ கொண்டுவருபவர் இழப்பதைப்போல 25 மடங்காகும். இது வாங்குபவரின் வசதிக்காக நடப்பது. செலவு விற்பவரின் சாக்கிலிருந்து போவது. எந்தக் கட்டணப் பட்டியலிலும் இதற்கு இடமில்லை. மாதிரியின் அளவு மிகுதி என்னும் முறையீடு விளைவிப்போரிடமிருந்து திரும்பத் திரும்ப எழுந்து வந்திருப்பதில் வியப்பில்லை.

அடுத்தது காலம். பொத்தானை அழுத்திய நொடியில் விலை முடிவாகிறது. பணம் அந்த நொடியில் வருவதில்லை. 1,00,000 ரூபாய் ஒரு மாதம் தாமதித்து வந்தால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக் கணக்கில் 1,000 ரூபாய் போயிற்று. அது 1 சதவீதக் கட்டணத்துக்குச் சமம். அவர் வெளியில் 24 சதவீதத்துக்குக் கடன் வாங்கியிருந்தால் 2 சதவீதம். வணிகர் பணம் கட்டத் தவறினாலும் ஏல நிறுவனம் உரிய நாளில் விளைவிப்பவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம், அது முறைதான். ஆனால் அந்த இடர்ப்பாட்டைத் தாங்குவதற்கும் ஒரு விலை உண்டு. கட்டண உச்சவரம்பை மிகக் கீழே இறக்கிவிட்டு, பிணைப்பொறுப்பை மட்டும் மேலே ஏற்றினால், நிறுவனம் அந்தச் செலவை வேறெங்கேனும் ஈடுகட்டப் பார்க்கும். விதி வகுப்போர் இதனை மறந்துவிடக்கூடாது.

மூன்றாவது, விற்ற சரக்கே மீண்டும் ஏலத்துக்கு வருவது. வணிகர் எடுத்த காய் மறுபடி லாட்டாகி நுழைந்தால், வரத்து பெருகியதுபோன்ற தோற்றம் உண்டாகி விலை தளரும் என்று தோட்டக்காரர் அஞ்சுகின்றனர். ஏலம் நடத்துபவருக்கும் வணிகருக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தால் அச்சம் இரட்டிப்பாகும். இது கட்டணம் அன்று. எனினும் கட்டணத்தைப்போலவே விலையிலிருந்து கழிகிறது.

இவ்விடத்தில் ஒரு சிறு விளக்கம். 2017 ஜூலை முதல் ஏலக்காய்மீது 5 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி உள்ளது. அதுவும் வாங்குபவர் செலுத்துவதுதானே, அதுவும் விலையைக் குறைக்காதா என்று மாணவர் கேட்கலாம். பதிவு பெற்ற வணிகர் அவ்வரியைத் தாம் விற்கும்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார்; ஆகவே அது அவருக்கு நிலையான செலவாவதில்லை, சில நாள் முதலீட்டு முடக்கமே. சந்தைக் கட்டணத்தை அவ்வாறு கழித்துக்கொள்ள வழியில்லை. 5 சதவீத வரியைவிட 1 சதவீதக் கட்டணம் கேட்கும் விலையை மிகுதியாகக் குறைக்கக்கூடும் என்பது வியப்பாகத் தோன்றினும் உண்மை.

ஏலக்காய் விலை நிலையற்றது என்பதையும் இங்கு நினைவூட்ட வேண்டும். 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குன்றி, 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறியது. சில ஆண்டுகளில் 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மதிப்பின்மீது விதிக்கும் சதவீதக் கட்டணம், விலை ஏறிய ஆண்டில் அதே தராசுக்கும் அதே கணிப்பொறிக்கும் ஏழு மடங்கு கூலி பெற்றுத் தருகிறது. ஒரு சாக்கை எடைபோடும் செலவு, சாக்கில் உள்ள காயின் விலையைப் பொறுத்தது அன்று. எடைக்கும் இடத்துக்கும் கிலோ அளவில் ஒரு கட்டணம், பணப்பொறுப்புக்கு மட்டும் மதிப்பளவில் ஒரு சிறு சதவீதம் என்று பிரித்து விதிப்பதே முறையெனக் கருதுகிறேன். இதனை ஏற்காதவர்கள் உண்டு. கணக்கு சிக்கலாகும் என்பர். மின்னணு முறையில் அச்சிக்கல் எவ்வளவு நேரம் நிற்கும்?

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் பார்ப்போம். இலண்டனில் ஓவியங்களையும் அரும்பொருள்களையும் ஏலம் விடும் கிறிஸ்டீஸ், சோதபீஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 1975இல் வாங்குவோர்மீது 10 சதவீதக் கட்டணத்தைப் புதிதாக விதித்தன. அதுவரை விற்பவரே தரகு கொடுத்து வந்தார். இரு நிறுவனங்களும் ஒரே பருவத்தில் ஒரே அளவில் விதித்ததைக் கண்டு வணிகர் கொதித்தனர். பின்னர் 1990களில் விற்போரிடம் வாங்கும் தரகை இருவரும் கூடிப் பேசி நிர்ணயித்தது வெளிப்பட்டு, 2000இல் 51 கோடியே 20 இலட்சம் டாலர் இழப்பீட்டுக்கு இணங்கினர். சோதபீஸின் முன்னாள் தலைவர் ஆல்பிரட் டாப்மன் 2001இல் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. அதிகாரம் அற்ற ஏழை உழவர் சந்தையில்தான் இவை நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். ஏலம் நடத்துவோர் இருவரே எனில், கோடீஸ்வரர்களிடமும் நடக்கும்.

நம் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? வரி வேறு, கட்டணம் வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மட வழக்கில் தெளிவாக்கியது. வரிக்கு ஈடாக அரசு எதையும் தர வேண்டியதில்லை. கட்டணத்துக்கு ஈடாகச் சேவை தர வேண்டும். பஞ்சாப், அரியானா சந்தைக் கட்டணத்தை 2 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாக உயர்த்தியபோது, கேவல் கிருஷண் பூரி வழக்கில் 1979இல் நீதிமன்றம் அவ்வுயர்வை ஏற்கவில்லை. வசூலான தொகையில் பெரும்பங்கு, ஏறத்தாழ மூன்றில் இரண்டு அல்லது நான்கில் மூன்று பங்கு, கட்டணம் செலுத்துவோருக்கான சேவையில் செலவானதென்று காட்ட வேண்டும் என்றது. 1983இல் ஆந்திரத்து வழக்கொன்றில் அக்கண்டிப்பு தளர்ந்தது. பின்னாளில் சட்டத் திருத்தங்களால் கட்டணமும் உயர்ந்தது. எனக்கு 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பின்மீதே பற்று. ஆயினும் அதிலும் ஓர் இடைவெளி உண்டு. 'கட்டணம் செலுத்துவோர்' என்று நீதிமன்றம் கண்டது வணிகரை. சுமப்பவர் விளைவிப்பவர் என்றால், சேவை யாருக்குச் சேர வேண்டும்? உலர்களத்துக்கு ஆகும் செலவு வணிகருக்கான சேவை அன்று என்று ஒரு வணிகர் வாதிடக்கூடும். அவ்வாதத்துக்கு விடை நாம் முதலில் போட்ட கணக்கில் இருக்கிறது.

அலுவலர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. வாங்குபவர் கட்டணம், விற்பவர் கட்டணம் என்று தனித்தனியே உச்சவரம்பு விதிப்பதைவிட, கேட்டவர் கையிலிருந்து போன தொகைக்கும் விளைவித்தவர் கைக்கு வந்த தொகைக்கும் இடையிலான மொத்த இடைவெளிக்கு வரம்பு கட்டுங்கள். மாதிரிக் காயின் மதிப்பையும், தாமதித்த நாளுக்குரிய வட்டியையும் அவ்விடைவெளிக்குள் எழுதுங்கள். ஏலம் தொடங்கும் முன்பே அது அறிவிக்கப்படட்டும். பருவத்தின் நடுவில் மாற வேண்டாம். கொப்பரைக்கும் பூண்டுக்கும் கணவாயின் இருபுறத்து அதிகாரிகளும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே மேசையில் அமர்ந்து தத்தம் விகிதங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்; ஒரே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விலை பிடிக்கவில்லையெனில் லாட்டை மீட்டுக்கொள்ளும் உரிமை விளைவிப்பவருக்கு உண்டு என்பதைக் கூறி, 'இனி என்ன குறை?' என்று கேட்பவர்களும் உங்களிடையே இருக்கலாம். அதே ஏல நிறுவனத்திடம் உரத்துக்கு முன்பணம் பெற்றிருப்பவர் எத்தனை முறை மீட்டுக்கொள்வார்? அவ்வுரிமை காகிதத்திலிருந்து களத்துக்கு இறங்க வேண்டுமானால், ஆனைமலையில் கொப்பரைக்குக் கிடைக்கும் பொருளீட்டுக் கடன் போன்றதொன்று புற்றடியிலும் போடியிலும் கிடங்குச் சீட்டின்மீது உடனடியாகக் கிடைக்க வேண்டும். உலர்த்தும் ஸ்டோரிலிருந்து வந்த நல்ல காய் சில மாதம் தாங்கும். தாங்க முடியாதது விளைவித்தவரின் கைப்பணம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அடுத்த விடுமுறையில் போடிக்கோ புற்றடிக்கோ சென்று, விளைவிப்போர் பத்துப் பேரிடம் அவர்களுடைய விற்பனைச் சீட்டைக் காட்டுமாறு பணிவோடு கேளுங்கள். பெயரைக் குறிக்க வேண்டாம். கணிப்பொறியில் விழுந்த விலை, சாக்கில் வந்த எடை, சீட்டில் ஏறிய எடை, பிடித்தங்கள், கைக்கு வந்த தொகை, வந்த நாள் ஆகிய ஆறினை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் ஆனைமலையில் கொப்பரை விற்றவர் பத்துப் பேரிடமும், கோவிந்தாபுரத்துக்கு அப்பால் தோட்டத்திலேயே விற்றவர் பத்துப் பேரிடமும் இதனையே கேளுங்கள். முப்பது சீட்டுகள் சேர்ந்ததும் வாருங்கள். எஞ்சியதை அவற்றை விரித்துவைத்துக்கொண்டு பேசுவோம்.